சர்க்காரி மண்ணில் உன் வீடு

மச்சான்,

காலையில் உன் வாசலுக்குப் போனபோது பச்சைப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. இந்த அந்தமான் பாம்பூஃப்ளாட்டில் நீ கட்டிய தகர வீட்டின் முன்னால் பலகை நட்டுவிட்டார்கள். இது சர்க்காரி நிலம், காலி செய்யவும் என்று இந்தியில் எழுதியிருக்கிறது. படிப்பு பாதியில் நின்றாலும் நான் அதை டெல்லிக்காரனைவிடச் சுத்தமாகவே வாசித்தேன்.

நாம் கப்பலில் வந்தபோது அலை பனைமர உயரம். எல்லோரும் வாந்தி, நான் மட்டும் பிரியாணி. மறுத்துப் பேச நீ உயிரோடு இல்லாததால் இந்தக் கதையைச் சொல்லவும் அலுப்பாக இருக்கிறது.

வந்த இடத்தில் எல்லாமே சர்க்காரி, அரசாங்கத்துடையது. கப்பல், குழாய்த் தண்ணீர், மாப்பிள்ளைகூட சர்க்காரியா என்றுதான் கேட்பார்கள். ஊரில் அரசாங்கம் என்றால் ஒதுங்கி நின்ற நீ, இங்கே ஃபெர்ரியில் கயிறு போடும் வேலை கிடைத்ததும் அந்தச் சொல்லைச் சொந்தக்காரன் பெயர் மாதிரிச் சொல்ல ஆரம்பித்தாய். பெஞ்சில் கால் நீட்டியவன் ஒருவன் உன்னிடம் எகிறினான்.

"உங்கப்பன் வீட்டுப் படகாய்யா? சர்க்காரிதானே."

"எங்கப்பன் வீட்டுதுன்னா போவட்டும்னு விட்டுருவேன். சர்க்காரின்னா உங்களுதும் எங்களுதும். காலை எடுங்கண்ணே."

இன்று அளக்க வந்தவனிடம் நானும் விடவில்லை. எனக்குத் தெரியாத மந்திரியே டெல்லியில் இல்லை என்று ஒரு போடு போட்டேன். "அச்சா சாச்சா" என்று, சரி சித்தப்பா என்கிற மாதிரிச் சொல்லி, டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனான்.

உன் வீட்டுக்காரி கேட்டாள். "உங்களுதும் எங்களுதும்னு அவுங்க சொல்லுவாங்களேண்ணே. இதுல எங்களுது எதுண்ணே?"

ஊருக்கெல்லாம் பதில் சொல்லும் வாய் எனக்கு. அவளிடம் அந்தப் பலகையையே இன்னொரு தடவை வாசித்துக் காட்டினேன்.

சௌல்தாரியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாள். சாமான் ஏறிவிட்டது. வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், இவள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நாளைக்கு இடிக்கப்போற இடம்மா."

"இருக்கட்டும்ணே. சர்க்காரி எடம், குப்பையாவா ஒப்படைக்கிறது?"

நீ சொல்கிற அதே தொனி. அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு இத்தனை வருஷத்தில் வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வருகிறது. ஆனாலும் அந்தக் குரல் காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது மச்சான். இன்னொரு துடைப்பம் கேட்டு வாங்கி, கொல்லைப்பக்கத்தை நான் கூட்டினேன்.