காஜா பேராங்குக்கு ஒரு கோடிச் சேலை

காஜா பேராங், மலாக்கா
11.8.1957

மரியாதைக்குரிய ருக்மணி அம்மாள் அவர்களுக்கு மீனாச்சி வணக்கத்துடன் எழுதுவது.

நேற்றுக் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். விடியற்காலையில் அவர் போய்விட்டார். கடைசி வரை நினைவு இருந்தது. உங்களைப் பற்றிக் கேட்டார், நன்றாக இருக்கிறீர்கள் என்று சொன்னேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக உங்கள் வீட்டுக்காரரோடு இருந்தவள். அதற்கு ஊரில் ஒரு வார்த்தை உண்டு. மயானத்திலிருந்து திரும்பியதும் எங்கள் தெருப் பெரியவர் பொன்னுதுரை அதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். 25ஆம் தேதி கருமாதி. நான் முன்னால் உட்காரக் கூடாதாம், அடுப்படியில் இருந்துகொள்ள வேண்டுமாம். “கட்டாத தாலிக்கு எதுக்குக் கோடி? வைப்பு வைப்பாவே இருக்கட்டும்” என்றார்.

கோடி போடப் பிறந்த வீடும் எனக்கு இல்லை. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் காய்ச்சலில் போனவர்கள். அதனால் கோடிக்கு ஆசைப்படவில்லை. அவருக்குப் படைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தாலி கட்டிக்கொண்டவர் எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்கிறார் பெரியவர். மனசு இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டாலும் உங்கள்மேல் குறை சொல்ல மாட்டேன்.

மீனாச்சி

கொரடாச்சேரி
18.8.1957

மீனாச்சிக்கு ருக்மணி ஆசீர்வாதம்.

அம்மாள், அவர்கள் என்று என்னத்துக்கு இத்தனை மரியாதை? அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இங்கேயும் உனக்கு அந்தப் பெயர்தான். வேலாயுதம் மலாயாவில் ஒரு வைப்பு வைத்திருக்கிறான் என்பார்கள். வைப்பாட்டி, தொடுப்பு, கூத்தியாள் என்று உனக்கு ஆளுக்கொரு பெயர். ஆம்பிளைக்கு மட்டும் ஒரு பெயரும் கிடையாது, கவனித்தாயா? அவர் உன்னை வைத்திருந்தாராம். தையல் வேலை பார்த்த அவருக்கு வலது கை விழுந்து ஆறு வருஷம். தெங்கேராவில் வீடு வீடாகத் துணி துவைத்து அவருக்குச் சோறு போட்டவள் நீ, குளிப்பாட்டி விட்டவள் நீ. அங்கேயிருந்து ஊருக்கு வந்த மருதமுத்து எல்லாம் சொன்னான். யார் யாரை வைத்துக் காப்பாற்றியது? அந்த வார்த்தைக்கு உன் பக்கத்தில் நிற்கவே யோக்கியதை இல்லை.

இன்னொன்று. அந்த ஆறு வருஷமும் அவர் பேரில் எனக்குக் கடிதம் எழுதியது நீதானே? கையெழுத்து மாறியதை விடு. கை நன்றாக இருந்த காலத்தில் அந்த மனுஷர் ஒரு தடவையாவது என் முழங்கால் வலியை விசாரித்திருப்பாரா? கை விழுந்த பிறகு மாசம் தவறாமல் விசாரித்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. முகம் பார்க்காமலே உன்னை எனக்குப் பிடித்துப்போனதும் அப்போதுதான்.

இனி எழுதுவதைப் பெரியவரிடம் படிக்கக் கொடு. ஐயா, மீனாச்சிக்குப் பிறந்த வீடு இருக்கிறது. அது கொரடாச்சேரியில் இருக்கிறது. அவள் என் தங்கச்சி. அவளுக்கு நான் கோடி போடுகிறேன். இங்கேயிருந்து சேலை கப்பலில் வர நாளாகும். மலாக்காவிலேயே ஒன்று எடுத்து என் பேரைச் சொல்லிப் போடுங்கள். வெள்ளை வேண்டாம். துவைத்துத் துவைத்து அவள் பார்த்த வெள்ளை போதும்.

உன் அக்கா,
ருக்மணி

காஜா பேராங்
1.9.1957

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று இங்கே மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். தெருவெல்லாம் கொடி. கோடி போட்ட அரக்குச் சேலையோடு வாசலில் நின்று பார்த்தேன். பெரியவரின் மனைவி கோகிலா கடைக்குப் போய் எடுத்து வந்த சேலை.

உங்கள் கடிதம் கருமாதிக்கு முதல் நாள்தான் வந்தது. பெரியவர் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். தங்கச்சி என்ற இடம் வந்ததும் குரல் இறங்கி, மீதியை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்து நின்றார். “மீனாச்சி, அக்கா வீட்டுக் கோடி காத்திருக்கு. முன்னால வந்து உட்காரும்மா” என்றார். வந்திருந்த எல்லாருக்கும் கேட்டது. அவர் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

உங்களைப் போல ஒருத்தியை நான் கண்டதில்லை அக்கா. மாசம் ஒரு கடிதம் எழுதிப் பழகிவிட்டேன், இனிமேல் என் பேரிலேயே எழுதுகிறேன்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் தங்கச்சி,
மீனாச்சி