ஆராய்ச்சி அரசிக்கு ஒரு போர்டு

மார்ச் 3, செவ்வாய்

டீக்கடையில் ஜெயபாண்டி அண்ணாச்சி, மகள் என்ன ஆராய்ச்சி செய்யப்போகிறாள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "எலி, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் புத்தி அந்த நேரத்தில் எலி வரைக்கும்தான் எட்டியது. மத்தியானம் நாகலாபுரத்துக்காரர் ஒருவர், மக்காச்சோளக் காட்டில் எலித் தொல்லை என்று மருந்து கேட்டு என் ஃபிளெக்ஸ் கடைக்கே வந்துவிட்டார்.

பிரித்திகா படிப்பது பி.ஏ. வரலாறு.

சாயங்காலம் அவளிடமே கேட்டேன். பட்டப்படிப்பில் இருக்கும்போதே கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை தருகிறார்களாம். ஃபெல்லோஷிப். கிடைத்தால் கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு பேராசிரியரிடம் இருந்து எழுத வேண்டும். இவள் காலேஜில் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. தலைப்பு, நம் ஊர் ஃபிளெக்ஸ் போர்டு.

"நீங்க அடிக்கதுதாம்பா. ஊர்ல யாரு யாரைப் பெரிய ஆளாக் காட்டுதாவன்னு எழுதப்போறேன்."

இதற்குமா காசு கொடுப்பார்கள்?

மார்ச் 10

கடைக் கம்ப்யூட்டர் இப்போது அவள் வசம். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று பழைய டிசைனையெல்லாம் தோண்டுகிறாள். ஒரு தாய்மாமனை நான் புலிமேல் உட்கார வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 20, வெள்ளி

நேர்காணல் பட்டியலில் பிரித்திகா பேர் வந்துவிட்டது! கையில் ஒரு மணி நேரம் சும்மா இருந்தது. ஓரத்தில் மிச்சத் துணியும் இருந்தது. நான் என்ன செய்ய?

நடுவில் மகள். பட்டதாரித் தொப்பியும் அங்கியும் கயத்தாற்றுப் பையன் ஒருவனின் பழைய போர்டிலிருந்து வெட்டியவை. தலை மட்டும் இவளுடையது. சுற்றிலும் நான், என் தம்பிமார், மச்சான் செண்பகராஜ் – எல்லோருக்கும் கூலிங் கிளாஸ். மேலே "ஃபெல்லோஷிப் வென்ற ஆராய்ச்சி அரசியே!" என் மனைவி சுதாராணிதான் ஓரம் மடித்து ஒட்டி, கயிறு கட்ட வளையம் அடித்துக் கொடுத்தாள். கடைக்கு எதிரே தெருமுனையில் கட்டியாயிற்று.

மார்ச் 21

"யாரைக் கேட்டுப்பா வச்சிய? இன்னும் கிடைக்கவே இல்லயே. கிடைக்கலன்னா நான் இந்தத் தெருவழியா எப்படிப் போவேன்?"

கிடைக்கும் என்றேன். அவள் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனில் படம் எடுத்தாள். மனசு இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"அம்மா எங்கப்பா?"

எங்கே? தேடிப் பார்த்தேன். நான் செய்த போர்டில் நானே தேடினேன். நல்ல போட்டோ ஒன்றும் இல்லை என்று சமாளித்தேன்.

கடைவாசலில் வேறொரு போர்டுக்கு வளையம் அடித்துக்கொண்டிருந்த சுதாராணி தலை நிமிராமல், "இத்தனை வருசமா இவியளுக்கு ஒரு நல்ல போட்டோ கிடைக்கல, பாவம்" என்றாள்.

மார்ச் 22

சாப்பாட்டுக்கு ரசம் மட்டும். அதுவும் ஆறிப்போய்.

ஏப்ரல் 1, புதன்

கடையில் வைத்து ஆன்லைனில் நேர்காணல். பேனர் உருளைக்குப் பின்னால் நின்று கேட்டேன். பாவி மகள், நான் வைத்த போர்டின் படத்தையே அவர்களுக்குக் காட்டினாள். மகளை ஒட்டி நிற்கும் கறுப்புக் கண்ணாடி யார் என்று ஒரு அம்மா கேட்டார்.

"எங்க அப்பா. இந்த போர்டை அடிச்சவங்களும் அவங்கதான். ஒட்டிக் கொடுத்தது அம்மா. அவங்க படம் இதுல இல்ல மேடம். ஏன் இல்லங்கிறதுதான் என் ஆராய்ச்சி."

சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. வரிசையாக நிறையக் கேட்டார்கள். எனக்குத் தும்மல் வந்தது. விழுங்கிவிட்டேன். மனிதன் தும்மலை விழுங்கலாம் என்று இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 13

மகள் எப்போது கிளம்புகிறாள் என்று அண்ணாச்சி தினமும் கேட்கிறார். அனுமதி இல்லாத போர்டையெல்லாம் கழற்ற ஆள் வருவதாகக் கேள்வி. இத்தனை வருடத் தொழிலில் முதல் தடவையாக அவர்களை ஆசையோடு எதிர்பார்த்தேன். வரவில்லை. நானே கழற்றலாம்தான். கழற்றினால் கிடைக்கவில்லை என்று நானே ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடாதா?

ஏப்ரல் 24, வெள்ளி

கிடைத்துவிட்டது. முதலில் அம்மாவிடம்தான் சொன்னாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் போய் மின்விசிறியைப் போட்டேன். வேறு என்ன செய்ய?

பழைய போர்டை இறக்கினேன். புதிதாக ஒன்று; மகளும் அம்மாவும் மட்டும் என்று சுதாராணியிடம் சொன்னேன். யோசித்தாள்.

"போடணும்னா எனக்கும் அந்தக் கண்ணாடி வேணும்."

என் சட்டைப் பையில் இருந்த கூலிங் கிளாஸை அவளே எடுத்து மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். பிரித்திகா சிரித்த சிரிப்பில் போன் ஆடி முதல் படம் வீண். பிறகு கண்ணாடியோடு ஒன்று, கண்ணாடி இல்லாமல் ஒன்று எடுத்தாள்.

மே 3, ஞாயிறு

பிரித்திகாவை ரயிலேற்றிவிட்டு வந்தோம். போகும் வழியில் புதிய போர்டைப் பார்த்துவிட்டு, "உங்க படம் எங்கப்பா?" என்று கேட்டிருந்தாள். இடம் பத்தவில்லை என்றேன்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. சுதாராணி கேட்டாள், புது போர்டுக்குத் தன் படத்தை வெட்டி எடுக்க எதற்கு அவ்வளவு நேரம் என்று. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியது என்று சொன்னேன்.

அது நன்றாகத்தான் ஓடியது. கண்ணாடி இல்லாத படத்தைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறாள்.