அபீலியோ மாமாவின் கடை இருந்த சதுப்பு

பெல்நாப் தீவு
ஜூன் மாதக் கடைசி ஞாயிறு

அன்புள்ள செலஸ்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே கூரை ஒழுகவில்லை, என் முழங்கால் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை, அந்த மட்டுக்கும் மாதாவுக்கு நன்றி. அரிசோனா வெயிலில் நீயும் மருமகனும் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தண்ணீர் நிறையக் குடி, காப்பியைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதே.

போன வாரம் போனில் "மாமாவ ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று கேட்டாய், நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். யார் யாரோ சொன்னதைக் கேட்டாயிற்று, பெற்றவள் சொல்வதையும் கேள். நம் கடைத்தெரு உனக்குத் தெரியாததா? பௌர்ணமி ஓதம் ஏறினால் படகுத்துறையிலிருந்து தபாலாபீஸ் வரை உப்புத்தண்ணீர் நிற்கும், கடைகளின் கழிவுத் தொட்டியெல்லாம் பொங்கி விரிகுடாவில் கலக்கும். கோடைக்கு மட்டும் வந்து தங்கும் கோடைக்காரர்கள் செப்டம்பரில் பெட்டி கட்டிவிடுவார்கள், நாற்றம் நமக்கு. தண்ணீர் கெட்டுப்போய்ச் சிப்பி எடுக்கக் கூடாதென்று தடை போட்டதில் குளிர்காலம் முழுக்க மாமாவின் படகும் கரையில்தான் கிடந்தது. தெருவை உயர்த்த வேண்டும், பாதாளச் சாக்கடை போட வேண்டும், கடைகளுக்கு மேலே வருஷம் பூராவும் இங்கே வாழ்கிறவர்களுக்கு வீடு கட்ட வேண்டும் என்று ஊரே கேட்டது. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி வாடகைக்கு இடம் கிடைக்காமல் காரிலேயே படுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் சாக்கடைக்குப் பம்ப் அறை கட்டத் தோதான இடம் உப்புச் சதுப்பின் ஒரு மூலைதான். சதுப்பில் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவை வேறோர் இடத்தில் சதுப்பாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிக் கொடுக்க ஊர் கையில் இருந்தது ஒரே ஒரு துண்டு நிலம். உன் தாத்தா ஊரிடம் குத்தகைக்கு எடுத்து மரத்தூண் நட்டுக் கட்டி, பிறகு மாமா நடத்திவந்த மீன் கடை நிற்கிற இடம்.

இயற்கைக் காப்புக் குழுவில் நாங்கள் ஐந்து பேர், நான் தலைவி. இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். நீ சொன்னாயே, சொந்த அண்ணன் கடை என்று ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டிருக்கலாமே என்று. ஒதுங்கியிருக்கலாம், ஊர் வக்கீலும் அதைத்தான் சொன்னார். ஒதுங்கியிருந்தால் திட்டம் அங்கேயே செத்திருக்கும், என் கை மட்டும் சுத்தமாக இருந்திருக்கும். கூட்டத்துக்கு மாமா சாவுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பேச ஆளுக்கு மூன்று நிமிடம். அவர் அப்பா காலத்திலிருந்து ஆரம்பித்தார். "புயலடிச்ச அன்னைக்கு இந்த ஊருக்கே சூப் ஊத்துன கடை இது" என்று சொல்லும்போதே நேரம் முடிந்துவிட்டது. "இவள என் முதுகுல சுமந்து வளத்தேன், இன்னைக்கு அவ எனக்கு நேரம் பாக்குறா" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் மரச்சுத்தியலைத் தட்டி, "நேரம் முடிஞ்சது, மிஸ்டர் ஃபுர்த்தாடோ, உக்காருங்க" என்றேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னேன். பிறகு கை தூக்கினேன்.

இடித்ததைப் பற்றித்தானே உனக்குப் பெரிய கோபம். கரையில் முட்டையிடும் பறவைகள் வந்துவிட்டால் கோடை முடியும்வரை இயந்திரம் இறங்கக் கூடாது. அதற்குள் முடிக்கப் போன வருஷம் மார்ச்சில் நாள் குறித்தார்கள். மாமா அப்போது இடுப்பு அறுவைக்காக பாஸ்டன் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாள் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் தையலோடு எழுந்து வந்திருப்பார். வாணலி, கரண்டி, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் நானே பெட்டியில் போட்டு நம் கொட்டகையில் வைத்தேன். அவர் திரும்பிய அன்று துறையில் காரோடு நின்றேன். கப்பல் முனையைச் சுற்றி உள்ளே வரும்போது மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், கடை இருந்த பக்கமே பார்த்தபடி. ஊன்றுகோலோடு இறங்கி வந்து, "எங்கடி கடை?" என்றார். பறவை வருவதற்கு முன் எடுக்க வேண்டியதாயிற்று என்றேன். "நான் வர்ற வரைக்கும் பறவ பொறுக்காதா?" என்று கேட்டார். "பறவைக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே, கார்ல ஏறு" என்றேன். ஏறினார். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

கடைக்கு மேலேதானே குடியிருந்தார், அதனால் இப்போது உன் அறையில் இருக்கிறார். கீரை சூப் வைத்தால் குடிப்பார், தட்டைக் கழுவி வைப்பார், பூனையிடம் பேசுவார். பூனையிடம் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கிற மாதிரிதான். "உன்னையும் ஒரு நாள் சதுப்புக்குக் குடுத்துருவா, பாத்து இரு" என்று நேற்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார். சாமான் கடையில் என்னைக் கண்டால் வரிசையில் இடைவெளி விட்டு நிற்கிறார்கள். கோடைக்காரி மிஸஸ் விட்லாக் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பழைய மீன் கடை போனதும் தீவோட அழகே போயிருச்சு" என்று கண் கலங்கினாள். அதை எடுக்கச் சொன்ன மனுவில் உங்கள் கையெழுத்துதான் முதலில் இருந்தது என்றேன். "அது நாத்தத்துக்குத்தானே!" என்றாள்.

நேற்று புதுத் தெருவைத் திறந்தார்கள். பழைய ஊர்க்காரர் ஒருவர் ரிப்பன் வெட்டினால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று வியாபாரிகள் சங்கத்தார் மாமாவை வந்து கேட்டார்கள். திட்டித் துரத்துவார் என்று காத்திருந்தேன். மீன்பிடிக் கோட்டும் பூட்ஸும் போட்டு வரச் சொன்னார்கள், அந்த வெயிலில் அதையும் போட்டுக்கொண்டு போனார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். டீச்சர் தன் புது வீட்டு ஜன்னலிலிருந்து கை தட்டினாள். கடை இருந்த இடத்தில் நட்ட புல் முழங்கால் உயரம் வந்திருக்கிறது, தண்ணீர் தெளிந்திருக்கிறது, இந்தக் குளிர்காலத்தில் சிப்பித் தடையை எடுத்துவிடுவார்களாம். அவருடைய இடுப்பு இனி படகுக்கு ஆகாது. ரிப்பனை வெட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார், கத்தரிக்கோலை என் உள்ளங்கையில் வைத்தார். துறையில் காரில் ஏறின நாளுக்கு அப்புறம் நேற்றுதான் என்னிடம் வாய் திறந்தார். "நல்லா கூர்மையாத்தான் இருக்கு, ஒடிலியா. உன் கைக்குப் பொருத்தம்."

மறுபடியும் ஓட்டு வந்தாலும் கை தூக்குவேன். அதைத் தெரிந்துகொண்டு, கோபப்படுவதானால் படு. மாதா உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பும் நீண்ட ஆயுளும் தரட்டும். ஆகஸ்டில் வருவதானால் முன்கூட்டியே சொல், கூடத்தில்தான் படுக்கை. மாமாவுக்குத் தனியாக எழுது, என் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினால் அவர் தொடமாட்டார்.

உன் அம்மா,
ஒடிலியா ஃபுர்த்தாடோ