தண்ணீரைக் கேட்ட காது

இன்று காலை உன் கம்பியைத் துடைக்க எடுத்தேன். அதன் மரக்குமிழிலிருந்து உன் தலையெண்ணெய் வாசம் வந்தது. வேப்பெண்ணெய் கலந்து நீயே காய்ச்சுவாயே, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அதே எண்ணெய். பொடுகு போய்விடும் என்று சாதிப்பாய். போனதாக எனக்கு நினைவில்லை. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது, இந்த மரத்துண்டு மட்டும் அந்த வாசத்தை விடாமல் வைத்திருக்கிறது.

நகரியத்தின் குடிநீர்ப் பிரிவில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தபோது ஆளுக்கொரு கம்பி கொடுத்தார்கள். ஒரே உயரம், ஒரே மாதிரிக் குமிழ். ஒரு முனையைக் குழாய் வால்வில் ஊன்றி, குமிழில் காதை வைத்தால், மண்ணுக்குள் எங்காவது தண்ணீர் கசிந்தால் அது சீறுவது கேட்கும். இப்போது உன் கம்பியை அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள். கீழே உன் பெயர், அதற்கும் கீழே மூன்று ஊர்களின் பெயர்கள். அதை வாங்கிப்போக இன்று ஆள் வருகிறார்.

எனக்கு வயிறு எரிகிறது. செத்துப்போனவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பாய். நான் படுகிறேன்.

இது புதிதும் அல்ல. நான் இந்த நகரியத்திலேயே பிறந்தவள்; அப்பா திருநெல்வேலியிலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். நீயோ சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். ஆனால் சேர்ந்த சில மாதங்களிலேயே எந்த பிளாக்குக்குப் போனாலும் உன்னைத்தான் கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். தண்ணிக்கார அக்கா என்றால் நீ. நான் அந்த அக்காகூட வருகிறவள். எனக்கும் மோர் வரும், உனக்குக் கொடுத்தது போக.

பிறகு அந்தக் கூட்டு வேலை வந்தது. வடக்கே ஓர் இரும்பாலை ஊர், கடல் தாண்டி ஒரு பழைய துறைமுக நகரம், நம் நெய்வேலி. துறைமுகக்காரர்கள் வால்வில் பொருத்தி ஒலியைப் பிடிக்கும் சின்னக் கருவிகளையும் மென்பொருளையும் தருவார்கள். இரும்பாலை ஊர்க்காரர்கள் குழாய்களின் வரைபடத்தைக் கணினியில் ஏற்றுவார்கள். நாம் ஒலிகளைப் பதிந்து, எது கசிவு, எது இல்லை என்று கணினிக்குப் பழக்க வேண்டும். ஓர் ஊர் கற்றுக்கொண்டது மூன்று ஊருக்கும் பொது. அதிகாரி இதையெல்லாம் விளக்கி முடித்ததும் நீ எழுந்தாய்.

"பூமிக்கு அடியிலேர்ந்து கரண்டு செலவு பண்ணி மேல ஏத்தற தண்ணிங்க இது. அத ரோட்டுல வுட்டுக்கினு இருந்தா எந்த ஊருங்க நிலைக்கும்?"

அதைக் குறித்துக்கொண்டார்கள். அப்புறம் வந்த ஒவ்வொரு கூட்டத்திலும் அதுதான் முதல் பக்கம். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன பயன், எழுந்து சொன்னவள் நீ.

முதல் வாரத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? விடியுமுன் தினமும் பெரிய கசிவு என்று மென்பொருள் அலறியது. துறைமுகக்காரர்கள் திரையில் கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். குழாயே வெடித்திருக்கும் என்றார் ஒருவர். நான் உன் காதருகே, "அது ஃபர்ஸ்ட் ஷிப்டுடி" என்று முணுமுணுத்தேன். நீ மைக்கை இழுத்து, "லீக்கு இல்லைங்க, ஃபர்ஸ்ட் ஷிப்டு! மொத்த பிளாக்கும் எழுந்து குளிக்கிது" என்றாய். மொழிபெயர்த்துச் சொன்னதும் மூன்று ஊரும் சிரித்தது. ஷிப்டு நேரங்களை மென்பொருளில் சேர்த்தார்கள். இரும்பாலை ஊரிலும் இதே தொல்லை இருந்ததாம். அவர்களும் உனக்கு நன்றி சொன்னார்கள். வெளியே வந்ததும் நீ என் தோளில் இடித்து, "நல்லாத்தான் சொன்ன" என்றாய். அந்த ஒரு பாராட்டோடு என் கணக்கு தீர்ந்தது.

இரும்பாலை ஊர்ப் பெண் ரூபா அன்றிலிருந்துதான் உன்னோடு ஒட்டிக்கொண்டாள். தினமும் வீடியோ அழைப்பு. உன்னிடமே தமிழ் கற்றாள். பண்ருட்டி முந்திரியை நீயே பொட்டலம் கட்டி அவளுக்கு அனுப்பினாய். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு முந்திரி வாங்கித் தந்திருப்பாயா? கேட்டதற்கு, "நீ இங்கதான இருக்க, என்னா அவசரம்?" என்றாய்.

பிறகு ஒரு நாள், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாய். "காது சரியா கேக்கலடி. டாக்டர் பாத்துட்டாரு. மெஷின் வெச்சா பேச்சு கேக்குமாம், இந்த மாரி சின்ன சத்தமெல்லாம் கேக்காதாம்." என் கையைப் பிடித்துக்கொண்டாய். "யாருக்கும் சொல்லாத. என்னைய நாற்காலில ஒக்கார வெச்சிருவாங்க. நாற்காலில ஒக்காந்தா நான் செத்துருவேன்."

அன்றிலிருந்து நீ கம்பியில் காதை வைத்துக் கண்ணை மூடுவாய். பிறகு "நீயும் பாரு" என்று என்னிடம் தருவாய். நான் கேட்டுவிட்டு உன் மணிக்கட்டைப் பிடிப்பேன். ஒரு அழுத்து என்றால் கசிவு, இரண்டு என்றால் இல்லை. நீ நிமிர்ந்து, "இங்கதாங்க, தோண்டுங்க" என்பாய். தோண்டினால் தண்ணீர் இருக்கும். அலுவலகத்தில் பதிவுகளைக் கேட்கும்போது ஒரே இயர்போனின் ஒரு முனை உன் காதில், மறுமுனை என் காதில். மேசைக்கு அடியில் என் கால் உன் காலை அழுத்தும். "சின்னப் புள்ளைங்க மாதிரி ரெண்டு பேரும்" என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நீ போகும்வரை அப்படித்தான். கணினி கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த நாட்களில் பதிந்தது.

போன வாரம் விழா நடந்தது. ரூபா நேரில் வந்திருந்தாள். மற்ற இரண்டு ஊர்களும் திரையில். நாம் பதிந்த ஒலிகளின் தொகுப்புக்கு உன் பெயர் வைத்திருக்கிறார்கள். குழாய் ஒழுகுகிற எந்த ஊரும் இனிக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். "அக்காவோட காது இப்ப எல்லா ஊர்லயும் இருக்கு" என்றாள் ரூபா. அரங்கம் எழுந்து கை தட்டியது. நான் உட்கார்ந்தே இருந்தேன். அது என் காது.

"கூடவே இருந்தவங்க, ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று அதிகாரி என்னை அழைத்தார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் மேடை ஏறினேன். முதல்நாளே கண்ணாடி முன் நின்று சொல்லியும் பார்த்திருந்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு அரங்கத்தையே பார்த்தேன். முன்வரிசையிலிருந்து ரூபா எனக்குத் தைரியம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, "என்னாடி, பாத்துக்கினு நிக்கிற?" என்றாள்.

உன் குரல். உன் இழுப்பு. உன் சேத்தியாத்தோப்புத் தமிழ், அந்த வடநாட்டுப் பெண்ணின் வாயில். அரங்கம் சிரித்தது, சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவளை அறையலாம் போலிருந்தது. அந்தச் சொல்லை நீ என்னிடம் மட்டும்தான் சொல்வாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அங்கேயே நின்று யோசித்தேன். உன் பேச்சு அவளிடம் இருக்கிறது. உன் சிரிப்பு மூன்று ஊர்க் கூட்டங்களின் பதிவுகளில் இருக்கிறது. உன் பெயர் இனி முகம் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போகும். எனக்கென்று என்ன மிச்சம்? அந்த மணிக்கட்டு. மேசைக்கு அடியில் அந்தக் கால். சொன்னால் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் வரும், நான் ஏங்கியதும் அதற்குத்தான். ஆனால் சொன்ன நிமிஷமே அதையும் ஊர் எடுத்துக்கொள்ளும். ரூபா அதையும் நடித்துக் காட்டுவாள்.

"அவ காது மாதிரி வராதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். என்னைக் கட்டிக்கொண்டு ரூபா அழுதாள். பெரிய மனசு என்று யாரோ சொன்னார்கள். நீயும் அப்படி நினைத்துவிடாதே. கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆள் வந்துவிட்டார். எட்டிப்பார்த்தேன், துணி விரித்த பெட்டியோடு வாசலில் நின்றிருந்தார். உள்ளே மூலையில் இரண்டு கம்பிகளும் சாய்ந்திருந்தன. "அந்த மேடத்தோட கம்பி எதுங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பாவம்.

அவர் குமிழை முகர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதில் எந்த எண்ணெய் வாசமும் கிடையாது.