ஒரே தீக்குச்சிக் காபி

அபிதா,

நீ கோவிலுக்குப் போயிருந்தபோது, கொட்டும் மழையில், மொட்டை மாடியில், ஒரே தீக்குச்சியில் நெருப்பு மூட்டிக் காபி போட்டேன். மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் வாசனைக்கு ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது! "கேஸ் அடுப்பே பத்த வைக்கத் தெரியாது, காட்டுல போய் என்ன பண்ணப்போறேள்?" என்று நேற்று கேட்டாயே, பதில் ஃபிளாஸ்கில் இருக்கிறது.

காட்டில் பிழைத்திருக்கக் கற்றுத்தரும் பயிற்சிகளில் மூன்றை விசாரித்தேன். ஒன்று ஏ.சி. ஹாலில் படம் காட்டிச் சான்றிதழ் தருகிறது. இன்னொன்றில் முதலுதவி தெரிந்தவர் யார் என்றால் முழிக்கிறார்கள். மூன்றாவது ஜவ்வாது மலையில்; நெருப்பு, தண்ணீர், கூடாரம் எல்லாம் நம் கையாலேயே. என் பிபி மாத்திரையைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். அதில்தான் சேருவதாக முடிவு. அறுபதைத் தாண்டியவனுக்கு வீட்டார் கையெழுத்து வேண்டுமாம். படிவம் ஃப்ரிட்ஜ் மேல்.

உட்கார முடியவில்லை. தாம்பரம் போய் ஷூ பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு சாவி என்னிடம், தாழ்ப்பாள் போடாதே.

பி.கு.: சுள்ளி நனைந்துவிட்டது. ஹோமத்துக்கு வைத்திருந்த சமித்தும் நெய்யும் கொஞ்சம் செலவு.

ஏன்னா,
சமித்துக் கட்டே காலி, கொஞ்சமாம்! மாடி முழுக்கத் தேடினேன், எரிஞ்ச தீக்குச்சி ஒண்ணே ஒண்ணுதான் கிடக்கிறது. கையெழுத்துப் போட்டாச்சு, மாத்திரையை மறக்காதீங்கோ. விமானம் சுத்தப் பொய். மழையில அடுப்பு மூட்டினது நிஜம்தான், ஒத்துக்கறேன்.