துளசிங்கத்தின் உரிமமும் ஆறு லிட்டர் காட்டிய முள்ளும்

அனுப்புநர்:
தபீதாள் அசரியா,
கிழக்குத் தாம்பரம்.

பெறுநர்:
மண்டல விமான ஆய்வு அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: சொந்தமாகக் கட்டிய சிறு விமானத்தின் பெட்ரோல் மீட்டர் பிழையாகக் காட்டியது – விமானி திரு. துளசிங்கத்தின் உரிமத்தைத் திருப்பித் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஆணை, நாள் 24.5.1993.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவர் அசரியாவும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நான்கு ஆண்டுகளில் ஒரு சிறு விமானத்தைக் கட்டி முடித்தோம். உடலும் இறக்கையும் அவர் வேலை. மீட்டர்கள் என் வேலை. மோட்டார் சைக்கிள் மீட்டர் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். முறையாக உரிமம் பெற்ற விமானியான முடிச்சூர் துளசிங்கம் அதை ஓட்டிப் பார்க்க முன்வந்தார். தங்கள் அலுவலகத்தின் சோதனை அனுமதியும் கிடைத்தது.

2. முதல் ஐந்து முறை பத்து நிமிடம்கூடப் பறக்கவில்லை. குறை எதுவும் தெரியவில்லை. ஆறாவது முறை, மே 8 காலை, சற்றுத் தூரம் போனார். எட்டு லிட்டர் காட்டும்போது திரும்புவதாகப் பேச்சு. அப்படியே திரும்பியும் இருக்கிறார். சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டும்போது இஞ்சின் நின்றுவிட்டது. வறண்ட ஏரிக்குள் இறக்கினார். ஒரு சக்கரம் முறிந்தது, யாருக்கும் காயமில்லை. நாங்கள் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது, ஏரியில் வெள்ளரி போட்டிருந்த புஷ்பம் அம்மாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துளசிங்கம், "அழுவாத அக்கா, எனக்கு ஒண்ணும் ஆவல. முள்ளு ஆறு லிட்டர்ல கீது, இஞ்சின் ஏன் நின்னுச்சுன்னுதான் தெரில" என்றார். டேங்கைத் திறந்தோம். ஒரு சொட்டு இல்லை.

3. விசாரணையில் அவரை மட்டுமே அழைத்தார்கள். "பெட்ரோலைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆறு மாதம் உரிமம் நிறுத்தப்பட்டது. ஏன் அப்படி எழுதினாய் என்று சண்டை போட்டேன். "மீட்டர்தான் உன் பொழப்பே. உன் கம்பெனிக்குத் தெரிஞ்சா பேஜாராப் பூடும்" என்றார். ஆந்திராவில் பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் மனைவி தையல்நாயகி சொல்லித்தான் தெரியும்.

4. விமானத்தை லாரியில் கொண்டுவந்து சக்கரம் மாற்றிய பிறகு, அதன் வாலை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வைத்து, பறக்கும்போது இருப்பதுபோல் மட்டமாக்கினேன். காலி டேங்க். முள் ஆறு லிட்டரில் நின்றது. காரணம் எளிது. தரையில் இந்த விமானம் வால் தாழ்ந்து நிற்கும். பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கும். முள்ளை அசைக்கும் மிதவையோ டேங்கின் முன்பக்கத்தில் இருக்கிறது. ஆறு லிட்டர் ஊற்றும்வரை பெட்ரோல் அதைத் தொடுவதே இல்லை. அப்படி நின்ற நிலையிலேயே நான் ஊற்றி ஊற்றிக் கோடு போட்டேன்; முள்ளின் அடிமட்டமே ஆறு லிட்டர் கோடு ஆகிவிட்டது. அதனால் மேலே போனதும் முள் ஆறுக்குக் கீழே இறங்க வழியே இல்லை. பிழை முழுவதும் என்னுடையது. துளசிங்கம் முள்ளைக் கவனித்துத்தான் ஓட்டினார். முள்தான் பொய் சொன்னது.

5. இதைத் தொழிற்சாலை மேலாளர் திரு. லக்ஷ்மிநாராயணனிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. சோதனைக் கருவிகளை இரண்டு நாள் கொடுத்து உதவினார். விமானத்தை மட்டமாக வைத்து மூன்று முறை அளந்து, புதுக் கோடுகள் போட்டிருக்கிறேன். பெட்ரோலைக் கண்ணாலேயே பார்க்க டேங்கின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாயும் பொருத்தியாயிற்று. அளவுகள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

ஆகவே, தாங்கள் ஒரு அலுவலரை அனுப்பி இதைச் சோதித்து, துளசிங்கத்தின் மேல் உள்ள குறிப்பை நீக்கி, ஜூலைக்கு முன் உரிமத்தைத் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தண்டனை உண்டென்றால் அது என் பெயரில் இருக்கட்டும். தங்கள் சோதனைப் படிவத்தில் 'மீட்டர் சரிபார்க்கப்பட்டதா' என்று மட்டுமே இருக்கிறது. 'விமானத்தை மட்டமாக வைத்து' என்று சேர்த்தால், எங்களைப்போல் வீட்டில் விமானம் கட்டும் மற்றவர்கள் தப்பிப்பார்கள்.

தாங்கள் அனுமதித்தால் அதே விமானத்தை மறுபடி ஓட்டத் துளசிங்கம் சம்மதித்திருக்கிறார். அன்று அவர் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்திருப்பேன்.

இடம்: தாம்பரம்
நாள்: 7.6.1993

தங்கள் உண்மையுள்ள,
தபீதாள் அசரியா

இணைப்பு: அளவுப் பட்டியல், மேலாளர் கடிதம்.