மோகன் திறந்து வைத்த குளிரறை

என் அருமை மோகன்,

அருமை என்றெல்லாம் நீ உயிரோடு இருந்தபோது உன்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாய். இருக்கட்டும். மழையில் உன் பைக் சறுக்கி வருசம் ஒன்றாகப் போகிறது. உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

நம் குடியிருப்பு இன்னும் பிழைத்துக் கிடக்கிறது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆளில்லாத நிலத்தில் கொஞ்சப் பேரைக் குடியேற்றி, பயிர் வைத்து, வேட்டையாடி, பனிக்காலம் வருவதற்குள் சாப்பாடு சேர்க்க வேண்டும். சேர்த்தது அழுகினால் எல்லோரும் பட்டினி. அந்த ஆட்களுக்கு நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களின் பெயரையே வைத்தாய். உன் பெயரில் ஒருவன், என் பெயரில் ஒருவன்.

அழுகாமல் வைக்கத்தான் குளிரறை. அங்கேதான் நமக்குள் சண்டை. நீ தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில் குளிரறைக்கும் எதிரெதிரே இரண்டு கதவு வைத்து, இரண்டையும் திறந்தே போட்டாய். "காத்து ஓடணும் மச்சான், மூடி வெச்சா அவிஞ்சிரும்" என்பாய். கொழுந்துக்கு அது சரி. இறைச்சிக்குத் தப்பு. தலவாக்கலையில் ஃப்ரிட்ஜ் திருத்திப் பிழைக்கிறவன் நான், எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? மாறி மாறித்தான் விளையாடுவோம்; என் முறை வந்தால் மூடுவேன். உன் முறை வந்தால் திறப்பாய். பாதி அழுகும், பாதி தப்பும். அப்படியே ஓட்டினோம்.

இப்போது உன் முறைக்கு உட்காருவது உன் தங்கச்சி தர்ஷினி. டவுனில் கடை வேலை முடிந்து வந்து விளையாடுகிறாள். உன்னைவிட நன்றாகவே விளையாடுகிறாள், கோபிக்காதே. ஆனால் அந்தக் கதவுகளை மட்டும் தொட விடமாட்டாள்.

போன வாரம், விளையாட்டில் வெயில்காலம் முடிகிற நேரம். குளிரறைக்கு வைத்த கூலர் இரண்டும் ஓடியும் அறை குளிரவில்லை. சேர்த்து வைத்த இறைச்சி முழுதும் அழுகிவிட்டது. வயலில் கடைசி அறுவடை மட்டும் மிச்சம். நான் மௌஸைப் பிடுங்கினேன்.

"அண்ணன் தெறந்து வெச்சத மூடாதீங்கண்ணே."

"உங்க அண்ணனுக்கு இது வெளங்காது. மூடலன்னா பனியில எல்லாரும் செத்துருவாங்க. அவனுந்தான்."

சொல்லியிருக்கக் கூடாதோ? ஆனால் உண்மை அதுதானே. திரையில் உன் பெயர்க்காரன் பசியோடு குளிரறைக்குப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தான்.

அந்த நேரம் பார்த்து உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். முன்பெல்லாம் திரைப்பக்கம் திரும்பவே மாட்டார். உன் பெயர் அங்கே நடமாடுவது அவருக்குப் பிடிக்காது. அன்று கோப்பையை வைத்துவிட்டு, உன் பெயர்க்காரனைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

"அவன் சாப்ட்டானா?"



அம்மா உள்ளே போன பிறகு தர்ஷினி கேட்டாள்: "இந்தக் கதவு ரெண்டும் இப்படியே இருக்கட்டும். அதுக்கு வெளியில வேற கதவு போட்டு மூடுனா குளிரு நிக்குமா?"

நிற்கும். பெரிய குளிரறைகளுக்கு முன்னறை கட்டுவதே அதற்குத்தான். தினமும் பார்க்கிற எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டு பக்கமும் சின்ன முன்னறை கட்டி, வெளிக்கதவு போட்டு மூடினாள். வெப்பநிலை மெல்ல இறங்கிப் பூச்சியத்துக்குக் கீழே போனது. அறுவடையை உள்ளே ஏற்றினோம். பனிக்காலம் முழுக்க அரை வயிறுதான். ஆனால் ஒருவரும் சாகவில்லை. அம்மா இப்போது தினமும் கேட்கிறார். சாப்பிட்டான் என்று சொல்கிறோம்.

நீ இருந்திருந்தால் அந்த வெளிக்கதவுக்குச் சம்மதித்திருப்பாயா? எங்கே, அதையும் திறந்து போட்டிருப்பாய்.

ஒரு வாக்கு தருகிறேன். நீ திறந்து வைத்த கதவுகளில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் வெளிக்கதவை யாராவது திறந்து போட்டால், அது தர்ஷினியாகவே இருந்தாலும், உன்னைத் திட்டியது போலவே திட்டுவேன்.

உன் மச்சான்,
சுரேன்